கடலோரத் தேசியப் பூங்கா: அப்பாவுக்குப் போர் வரலாறு, மகளுக்குப் பறவை. அந்தமானில் எங்கே போகலாம்?

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம் | நவம்பர் 9, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பொங்கல் லீவில் குடும்பத்தோட அந்தமான் போகலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். இந்தக் குழுவில் போய்வந்தவங்க நிறைய பேர் இருக்கீங்க, அதனால இங்கயே கேக்கறேன்.

அப்பாவுக்கு 69 வயசு. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இடது முட்டி சரியில்லை, படி ஏறினா வலிக்கும். ஆனா ஒரு பழைய கோட்டையோ பங்கரோ கண்ணில் பட்டா முட்டிவலி மறந்துபோகும். மகள் ஏழாவது படிக்கிறா. பாரூர் ஏரியிலும் கே.ஆர்.பி. அணையிலும் பார்த்த பறவைகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறா, இப்போ 96 இருக்கு. நூறாவது பறவை அந்தமானில்தான் பாக்கணும்னு பிடிவாதம்.

பயண ஏற்பாட்டாளர் ஒருத்தர் கொடுத்த பட்டியலில் ஐந்து நாளும் பீச், ஜெட் ஸ்கி, மறுபடியும் பீச். அப்பாவை மணலில் உக்கார வச்சுட்டு நாங்க தண்ணியில் ஆடறதா? அதில் எனக்கு மனசு வரல. கடலோரத்தில் இருக்கிற தேசியப் பூங்கா, அங்கேயே போர் வரலாறும் இருக்கணும், காட்டுயிரும் இருக்கணும். அப்படி ஒரு இடம் உண்டா?


பாலக்கோடு_அக்கா | நவம்பர் 10, காலை 6.15

தம்பி, போன வருஷம் எங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். வண்டூர்ல இருக்கிற மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவை விட்டுடாதீங்க. 1983-ல் அறிவிச்சது, 15 தீவு, 281.5 சதுர கிலோமீட்டர். பதினஞ்சுக்கும் போக முடியாது. ஜாலி பாய், ரெட் ஸ்கின் ரெண்டையும் பருவத்துக்கு ஏத்த மாதிரி மாத்தி மாத்தித் திறப்பாங்க. பொங்கல் சமயம் ஜாலி பாய் திறந்திருக்கும். திங்கள்கிழமை விடுமுறை, இதை ரெண்டு தடவை எழுதி வச்சுக்கோங்க. எங்களுக்கு ஏற்பாடு பண்ணினவர் திங்கள்கிழமைதான் வண்டி அனுப்பினார். ஒரு நாள் பாழாச்சு.

வனத்துறை பர்மிட் முன்னாடியே வாங்கணும். பிளாஸ்டிக் எதுவும் தீவுக்குள்ள போகாது. தண்ணி பாட்டில், பிஸ்கட் கவர் எல்லாத்தையும் ஜெட்டியில் பார்ப்பாங்க. எஃகு பாட்டிலும் துணிப்பையும் வீட்டிலிருந்தே எடுத்துட்டுப் போயிடுங்க. அந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒகேனக்கல்லில் பரிசல் துறைக்கு இறங்கற வழியெல்லாம் பாலித்தீன் கிடக்கிறதைப் பார்த்து வளர்ந்தவ நான். ஜாலி பாய் கரையில் ஒரு மிட்டாய்த் தாள்கூட இல்ல. நம்மாலும் முடியும்னு அன்னைக்குத் தோணுச்சு.

பவளத்தை அடிக்கண்ணாடிப் படகிலேயே பார்க்கலாம், அப்பாவுக்குச் சிரமம் இருக்காது. ஆனா படகிலிருந்து இறங்கி ஏறும்போது ரெண்டு பக்கமும் ஆள் பிடிக்கணும்.


அரூர்_டு_அந்தமான் | நவம்பர் 10, மதியம் 1.20

ஆறு வருஷம் அங்க ஒப்பந்த வேலையில் இருந்தேன் அண்ணா. அக்கா சொன்ன வண்டூர் கடலுக்குத்தான். உங்க கேள்விக்கு நேர் பதில் மவுண்ட் ஹேரியட் தேசியப் பூங்கா. 2021 அக்டோபரில் மவுண்ட் மணிப்பூர்னு பேர் மாத்திட்டாங்க, ஆனா டிரைவர்கிட்ட பழைய பேரைச் சொன்னாத்தான் உடனே புரியும். அதே மாதிரி போர்ட் பிளேர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிருக்கு, டிக்கெட்டில் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கடலிலிருந்து நேரா எழும்பற மலை. முழுக்கப் பசுமைமாறாக் காடு. சாத்தம் ஜெட்டியில் காரோட ஃபெரியில் ஏறி பாம்பூ ஃபிளாட்டில் இறங்கினா, அங்கிருந்து உச்சி வரைக்கும் கார் போகும். அப்பா ஒரு படிகூட ஏற வேண்டியதில்லை. பழைய சிவப்பு இருபது ரூபா நோட்டு வீட்டில் இருந்தா எடுத்துட்டுப் போங்க. அதன் பின்பக்கத்தில் இருக்கிற கலங்கரை விளக்கமும் தென்னையும் கடலும் அந்த மலையிலிருந்து தெரியற காட்சிதான்.

வரலாறு கேட்டீங்கல்ல? வெள்ளைக்கார ஆணையர்களுக்கு அதுதான் கோடைக்கால இருப்பிடம். 1872 பிப்ரவரி 8 அன்னைக்கு வைஸ்ராய் மேயோ பிரபு அந்த மலை மேல சூரியன் மறையறதைப் பார்த்துட்டு இருட்டில் இறங்கினார். அடிவாரத்தில் ஹோப் டவுன் படகுத்துறையில் ஷேர் அலி என்ற கைதி கத்தியால் குத்தினார். பதவியில் இருக்கும்போதே கொல்லப்பட்ட ஒரே வைஸ்ராய் அவர்தான். ஷேர் அலியை வைப்பர் தீவில் தூக்கில் போட்டாங்க. பத்தொன்பது வருஷம் கழிச்சு, 1891-ல் ஆங்கிலேயரோட போரிட்டுத் தோத்த மணிப்பூர் அரசர் குலசந்திராவையும் அவரோட ஆட்களையும் இதே மலையில்தான் வச்சிருந்தாங்க. பேர் மாறினதுக்குக் காரணம் அதுதான்.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. அங்க சூரியன் சீக்கிரம் உதிச்சு சீக்கிரம் மறையும். கடிகாரம் நம்ம கடிகாரம்தான், ஆனா ஜனவரியில் அஞ்சேகாலுக்கு இருட்டத் தொடங்கிடும். காலையில் முதல் ஃபெரியே பிடிங்க.


தொப்பூர்_கணவாய் | நவம்பர் 10, இரவு 8.05

ராணுவ வரலாறுன்னா வெள்ளைக்காரனிலிருந்தா ஆரம்பிக்கணும்? சோழர் கடற்படைத் தளமே அந்தமானில்தான் இருந்தது. ராஜேந்திர சோழன் கல்வெட்டிலேயே இருக்கு. அப்பாகிட்ட அதையும் சொல்லுங்க.


பாப்பாரப்பட்டி_வாத்தியார் | நவம்பர் 11, காலை 5.50

தொப்பூர் தம்பிக்கு ஒரு திருத்தம். ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசர் புகழுரை), 1025 வாக்கில் நடந்த கடாரப் படையெடுப்பைச் சொல்லும்போது 'மாநக்கவாரம்' என்ற இடத்தைக் குறிப்பிடுகிறது. அது நிக்கோபார். அந்தமானிலிருந்து தெற்கே, இடையில் பத்துப் பாகைக் கால்வாய். கல்வெட்டில் வென்ற இடங்களின் வரிசையில் அந்தப் பெயர் வருகிறது, அவ்வளவுதான். தளம் இருந்தது என்பதற்கு அதில் சொல் இல்லை. நம் பெருமையைச் சொல்லும்போது கல்லில் வெட்டியிருப்பதை மட்டும் சொன்னால் போதும், அதுவே பெரிது.

காவேரிப்பட்டணம் தம்பிக்கு: நான் முப்பத்தோரு ஆண்டு வரலாறு சொல்லிக்கொடுத்தவன். எங்கள் ஊர் சுப்பிரமணிய சிவா உயிர்விட்ட ஊர். சிறையில் தொழுநோய் தொற்றி, 1925-இல் பாப்பாரப்பட்டியில் கண்மூடினார். சிறை ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்ததால் செல்லுலார் சிறைக்குள் நுழைந்தபோது என்னால் பேச முடியவில்லை. ஏழு கிளைகளாகக் கட்டிய சிறையில் இன்று மூன்றுதான் நிற்கின்றன. பேத்திக்கு அதையும் காட்டுங்கள், ஆனால் அன்று வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்பாவுக்கு இரண்டாம் உலகப் போர் முக்கியம் என்றால் ராஸ் தீவு. இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. தேசியப் பூங்கா அல்ல, கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. 1858 முதல் ஆங்கிலேயரின் தலைமையிடம். 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியர் தீவுகளைப் பிடித்தார்கள். அவர்கள் கட்டிய பங்கர்கள் இன்னும் கரையில் இருக்கின்றன. 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி போர்ட் பிளேரில் கொடியேற்றினார் என்பதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதற்குச் சரியாக ஒரு மாதம் கழித்து, 1944 ஜனவரி 30 அன்று, ஒற்றர்கள் என்று சந்தேகப்பட்டு 44 இந்தியர்களை ஜப்பானியர் ஹம்ஃப்ரிகஞ்சில் சுட்டுக் கொன்றதைப் பெரும்பாலோர் படித்திருக்க மாட்டார்கள். அங்கே நினைவிடம் இருக்கிறது. வண்டூர் போகும் பக்கம்தான், கேட்டால் டிரைவர் நிறுத்துவார். கடலுக்குப் போகும் அவசரத்தில் எல்லா வண்டிகளும் அதைக் கடந்து போய்விடுகின்றன.

அந்தப் போர் நம் தருமபுரிப் பக்கத்தையும் தொடாமல் இல்லை. மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் வரை ஓடிய சின்ன ரயில் 1941-இல், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் நின்றது. மொரப்பூர் பாதைக்கு இன்றும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.


ராயக்கோட்டை_மலை | நவம்பர் 11, மதியம் 12.30

சண்டைக்கு வரல, உண்மையாவே கேக்கறேன். கோட்டையும் காடும் பாக்க கடல் தாண்டணுமா? எங்க மலை மேல இருக்கிற கோட்டையை 1791 ஜூலையில் மேஜர் கௌடி பிடிச்சார். அதே வருஷம் கிருஷ்ணகிரிக் கோட்டையில் ஆங்கிலப் படை ஏற முடியாம திரும்பி வந்துச்சு. 1792-ல் திப்புவோட போட்ட ஒப்பந்தத்தில் பாராமகால்னு சொன்ன நம்ம பகுதியே ஆங்கிலேயர் கைக்கு மாறுச்சு. அந்தப் பக்கம் மேலகிரியில் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம், 2022-ல் அறிவிச்சது, 686 சதுர கிலோமீட்டர், யானை இருக்கு. நம்ம பிள்ளைங்களுக்கு இது எதுவும் தெரியாது. அந்தமான் படத்தை மட்டும் போன்ல வச்சிருப்பாங்க.


மாந்தோப்பு_காவேரிப்பட்டணம் | நவம்பர் 11, இரவு 10.10

ராயக்கோட்டை அண்ணா, நீங்க சொல்றது நியாயம்தான். கிருஷ்ணகிரிக் கோட்டைக்கு அப்பாதான் என்னை முதல்முறை கூட்டிட்டுப் போனார், அப்போ அவர் லீவில் வந்திருந்தார், எனக்கு எட்டு வயசு. ராயக்கோட்டை நான் இதுவரை ஏறினதில்லை, ரயிலில் போகும்போது பார்த்ததோட சரி. வந்ததும் ஏறறேன். அந்தமான் அப்பாவோட ஆசை. சர்வீஸில் இருந்தப்போ அங்க போஸ்டிங் வரும்னு எதிர்பார்த்திருந்து கடைசி வரைக்கும் வரல. அதனாலதான்.

வாத்தியார் ஐயா, உங்க பதிவை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ஹம்ஃப்ரிகஞ்ச் கண்டிப்பா போகணும்னு சொல்லிட்டார்.


அஞ்செட்டி_காட்டுவழி | நவம்பர் 12, காலை 7.30

பாப்பாவோட நோட்டைப் பத்திப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல. நூறாவது பறவை மவுண்ட் ஹேரியட்டிலேயே கிடைக்கும். உலகத்தில் வேற எங்கேயும் இல்லாத பறவைகள் அங்க இருக்கு. அந்தமான் மரங்கொத்தி, உடம்பு முழுக்கக் கறுப்பு, ஆணுக்குக் கொண்டை சிவப்பு, காக்கா அளவுக்குப் பெருசு. அந்தமான் கரிச்சான், அந்தமான் வால்காக்கை, அந்தமான் பாம்புக்கழுகு. நம்மூர்ச் செம்போத்து கறுப்பும் செங்கல் நிறமும்தானே, அங்க இருக்கிறதுக்கு உடம்பு வெளிர் பழுப்பு, முதல்ல பார்த்தா வேற பறவைன்னே நினைப்போம். மரத்தண்டில் பளபளன்னு பச்சைப் பல்லி பகலிலேயே உலாவும், அதையும் தேடச் சொல்லுங்க.

நம்ம காட்டுக்குப் பழகினவங்களுக்கு அங்க ஒரு வித்தியாசம் உறைக்கும். அஞ்செட்டி ரோட்டில் சாயங்காலம் வண்டி ஓட்டினா காது முழுக்க யானைக்குத்தான் இருக்கும். அந்தமான் காட்டில் புலி, சிறுத்தை, கரடி கிடையாது, குரங்கும் கிடையாது. காட்டுப்பன்றியும் மரநாயும்தான் பெருசு. யானையை மரம் இழுக்க மனுஷங்கதான் கப்பலில் கொண்டுபோனாங்க. அதனால அந்தக் காடு வேற மாதிரி அமைதியா இருக்கும். பயம் கடலோரத்தில்தான். உப்புநீர் முதலை உண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்கிற கரையில், கழிமுகத்தில், காலைக்கூட நனைக்க விடாதீங்க.

ராஸ் தீவில் மான் கிட்ட வரும், மயிலும் வரும். தயவுசெஞ்சு எதுவும் கொடுக்காதீங்க. புள்ளிமானை வெள்ளைக்காரங்க கொண்டுவந்து விட்டாங்க. வேட்டையாட ஒரு விலங்கு இல்லாததால பெருகிப் பக்கத்துத் தீவுகளுக்கும் நீந்திப் போச்சு. இளஞ்செடியெல்லாம் மேஞ்சுடறதால காடு தன்னைத்தானே புதுப்பிக்க முடியறதில்ல. மான் மேல தப்பு இல்ல. கொண்டுவந்தவங்க யோசிக்கல.


தொப்பூர்_கணவாய் | நவம்பர் 12, இரவு 7.45

வாத்தியார் ஐயா, திருத்தத்துக்கு நன்றி. நான் ஒரு காணொளியில் கேட்டதை அப்படியே எழுதிட்டேன்.

இன்னொரு யோசனை: பாராடாங் தீவுக்குப் போற ரோட்டில் ஜாரவா ஆதிவாசிகளைப் பார்க்கலாம்னு சொல்றாங்க. குழந்தைக்கு அதுவும் ஒரு அனுபவமா இருக்குமே?


அஞ்செட்டி_காட்டுவழி | நவம்பர் 12, இரவு 8.20

வேண்டாம் தம்பி. தயவுசெஞ்சு அந்த நினைப்போட யாரும் அந்த ரோட்டில் போகாதீங்க. அவங்க வீட்டு வாசல் அது. ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்க்கிறதுக்கு அவங்க காட்சிப்பொருள் இல்ல. படம் எடுக்கிறதும் சாப்பாடு நீட்டுறதும் சட்டப்படி குற்றம், பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குவிதி 1956-லிருந்தே இருக்கு. நாம இருமினா வர்ற சளிக்காய்ச்சல் அவங்களுக்குப் பெரிய நோயாகலாம். எங்க ஊர்ப்பக்கம் மலைக்கிராமத்துக்குக் கேமராவோட வர்றவங்க எப்படி நடந்துக்கறாங்கன்னு பார்த்திருக்கேன். குழந்தைகளை நிறுத்தி, சட்டையைக் கழட்டச் சொல்லிப் படம் எடுப்பாங்க. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறல.


அரூர்_டு_அந்தமான் | நவம்பர் 12, இரவு 9.00

அக்கா சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல. அங்க இருந்த ஆறு வருஷத்தில் அந்த ரோட்டில் வேலை நிமித்தமா மூணு தடவை போனேன். மூணு தடவையும் தலையைக் குனிஞ்சுட்டுத்தான் உக்காந்திருந்தேன்.

மாந்தோப்பு அண்ணா, சாத்தம் ஜெட்டியை ஒட்டியே அரசு மரஅறுவை ஆலை இருக்கு, 1883-ல் தொடங்கினது. உள்ள ஜப்பான்காரன் போட்ட குண்டு விழுந்த பள்ளத்தை அப்படியே வச்சிருக்காங்க. ஃபெரிக்குக் காத்திருக்கிற நேரத்தில் பார்த்துடலாம். கப்பல் வேண்டாம், சென்னையிலிருந்து மூணு நாள் ஆகும், அப்பாவுக்கு ஆகாது. பெங்களூரு விமானம்தான் உங்களுக்குக் கிட்ட. ராத்திரியே கிளம்பிடுங்க, விடிஞ்சு எலெக்ட்ரானிக் சிட்டியில் மாட்டினா விமானம் போயிடும்.


மாந்தோப்பு_காவேரிப்பட்டணம் | ஜனவரி 21, இரவு 9.15

போயிட்டு வந்துட்டோம்ங்க. பதில் சொன்ன எல்லாருக்கும் கடமைப்பட்டிருக்கேன். கொஞ்சம் நீளமா எழுதறேன், அடுத்து போறவங்களுக்கு உதவும்.

முதல் நாள் செல்லுலார் சிறை மட்டும். வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி வேற எதுவும் வச்சுக்கல. ரெண்டாம் நாள் மவுண்ட் ஹேரியட். அஞ்சரைக்குச் சாத்தம் ஜெட்டியில் இருந்தோம். ஃபெரியில் எங்க காரோட கூட நாலு கார், நிறைய பைக், கோழிக்கூடை, பள்ளிக்கூடப் பிள்ளைங்க. பக்கத்தில் நின்ன அம்மா தமிழில் பேசினாங்க. அவங்க தாத்தா காலத்திலேயே வந்து குடியேறினவங்களாம். கிருஷ்ணகிரின்னு சொன்னதும் "மாம்பழ ஊரா?"ன்னு கேட்டாங்க.

பாம்பூ ஃபிளாட் தாண்டி மலை ஏற ஆரம்பிச்சதும் வெளிச்சமே மாறிடுச்சு. நம்ம மலைங்க பாறையும் முள்ளும் உசிலையுமா வெயிலில் கிடக்கும். இது தலைக்கு மேல கூரை போட்ட காடு. தண்டு நேரா ஏறிப் போகுது, கிளை எங்க ஆரம்பிக்குதுன்னு அண்ணாந்து தேடணும். வாசலில் அடையாள அட்டை காட்டி டிக்கெட் வாங்கி மேல போனோம். காரை நிறுத்தி இறங்கின அஞ்சாவது நிமிஷம் டொக் டொக்னு சத்தம். மகள் என் கையை இறுக்கிப் பிடிச்சா. கறுப்பு மரங்கொத்தி. கொண்டை சிவப்பு. எங்களைக் கண்டுக்கவே இல்ல, பட்டுப்போன மரத்தைச் சுத்திச் சுத்தி ஏறிட்டே இருந்துச்சு. அஞ்செட்டி அக்கா, அதுக்கு முன்னாடி ஃபெரியிலும் ஜெட்டியிலும் மூணு புதுப் பறவை ஏத்தியிருந்தா. கணக்குப்படி நூறாவது உங்க மரங்கொத்திதான். நோட்டில் தேதியோட எழுதி, தாத்தாகிட்ட சாட்சிக் கையெழுத்து வாங்கிட்டா.

உச்சியில் மரங்களுக்கு நடுவில் ஒரு இடைவெளி, அங்கிருந்து கடல். அப்பா அங்க உக்காந்தார். சாதாரணமா ஒரு இடத்தைப் பார்த்தா "நல்லா இருக்கு"ன்னு ஒரு வார்த்தை சொல்லுவார், அவ்வளவுதான். அன்னைக்கு அரை மணி நேரம் மகளுக்குப் பாடம் எடுத்தார். துறைமுகத்தோட வாய் எங்க இருக்கு, ராஸ் தீவு ஏன் அந்த வாயிலேயே காவல்காரன் மாதிரி நிக்குது, எதிரிக் கப்பல் எந்தப் பக்கம் வந்தாலும் இந்த மலையிலிருந்து எத்தனை நேரம் முன்னாடி தெரியும், இங்கிருந்து தகவல் எப்படிக் கீழே போயிருக்கும். அவ பைனாகுலரை வாங்கி அவரே பார்த்துட்டு "இந்த மேட்டைக் கையில் வச்சிருக்கிறவன் கையில்தான் துறைமுகம்"னார். நான் பத்து வயசுப் பையனா இருந்தப்போ லெட்டரில் மட்டும் தெரிஞ்ச மனுஷன். பேத்தி பக்கத்தில் உக்காந்து இப்படிப் பேசறதை நான் தள்ளி நின்னு கேட்டுட்டிருந்தேன்.

காலா பத்தர் வரைக்கும் ரெண்டு கிலோமீட்டர் காட்டுப்பாதை. அப்பாகூட என் மனைவி இருந்துக்கிட்டா, நானும் மகளும் மட்டும் போனோம். ஈரம் இருந்த இடத்தில் அட்டை ஏறுச்சு, உப்பு கொண்டுபோனது நல்லதாப் போச்சு. பச்சைப் பல்லியும் பார்த்தாச்சு.

இறங்கும்போது ஹோப் டவுன் பக்கம் வண்டியை நிறுத்தச் சொன்னார் அப்பா. மேயோ விழுந்த கரை. அங்க நின்னு அவர் கேட்ட கேள்வி இதுதான்: "மணிப்பூர்க்காரங்களுக்குக் கடலே கிடையாது. மலையில் பொறந்து, போரில் தோத்து, ஆயிரம் மைல் தள்ளி இந்த மலை மேல உக்கார வச்சா, நாள் முழுக்கக் கடலையே பார்த்துட்டு என்ன நினைச்சிருப்பாங்க?" பதில் யாருக்கும் தெரியல. பூங்காவுக்குப் பேர் மாத்தினது சரின்னு எனக்கு அப்போதான் பட்டுச்சு.


மாந்தோப்பு_காவேரிப்பட்டணம் | ஜனவரி 21, இரவு 10.05

மீதியும் எழுதிடறேன்.

ராஸ் தீவு. சுவர் இருக்கு, கூரை இல்ல. சுவரை இப்போ ஆலமர இனத்து வேர்கள்தான் பிடிச்சிட்டிருக்கு. எங்க ஊர்க் கோயில் கோபுரத்தில் அரசங்கன்று முளைச்சா உடனே பிடுங்குவோம், கட்டடத்தைப் பிளந்துடும்னு. இங்க வேரை எடுத்தா சுவர் சரிஞ்சுடும். மகள் படம் எடுக்காம உக்காந்து வரைஞ்சா.

கரையோரம் ஜப்பான் பங்கர். அப்பா முட்டியை மறந்து குனிஞ்சு உள்ள போயிட்டார், என்னால தடுக்க முடியல. உள்ளேயிருந்து கூப்பிட்டார். சுடுற ஓட்டை எவ்வளவு தாழ்வா இருக்கு, துப்பாக்கியை ரெண்டு பக்கமும் திருப்ப ஏன் இடம் விட்டிருக்காங்க, எதிரே எவ்வளவு கடல் அந்தத் துவாரத்துக்குள்ள அடங்குதுன்னு ஒவ்வொண்ணா காட்டினார். கூரையோட மூலையில் உழவாரக்குருவி மாதிரி ஒண்ணு ஒட்டுக்கூடு கட்டியிருந்துச்சு. மகள் உடனே "தாத்தா பேசாதீங்க, அது பயப்படும்"னா. அவர் அப்படியே வாயை மூடிட்டு மெதுவா வெளிய வந்தார்.

மான் வந்துச்சு. பக்கத்தில் ஒரு குடும்பம் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிச்சாங்க. மகள் போய் அஞ்செட்டி அக்கா எழுதினதை அப்படியே சொன்னா. அந்தப் பெரியவர் கோபப்படல, பாக்கெட்டை உள்ள வச்சுக்கிட்டார்.

வண்டூருக்கு வியாழக்கிழமை போனோம் (திங்கள் இல்ல, அக்கா!). போற வழியில் ஹம்ஃப்ரிகஞ்ச். வண்டியை விட்டு இறங்கினது நாங்க மட்டும்தான். அப்பா செருப்பைக் கழட்டிட்டு நேரா நின்னார், சல்யூட் வச்சார். அப்புறம் மகள்கிட்ட, நம்ம ஊர்ல வயல் நடுவுல நடுகல் இருக்குல்ல, மாட்டை மீட்கப் போய் செத்தவனுக்குக் கல் நட்டு இன்னும் பொங்கல் வைக்கிறோமே, அது மாதிரிதான் இதுவும்னு சொன்னார். அன்னைக்கு மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள். ஊரில் இருந்திருந்தா எங்க தோப்புப் பக்கம் இருக்கிற கல்லுக்கு மஞ்சள் பூசியிருப்போம். பையில் இருந்த ஒரு ஆரஞ்சுப் பழத்தை அங்க வச்சுட்டு வந்தோம்.

வண்டூர் ஜெட்டிக்கிட்ட தண்ணியில் பட்ட மரங்கள் நிக்குது. 2004 சுனாமிக்கு முந்தின நிலநடுக்கத்தில் அந்தப் பக்கம் நிலமே ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்கினதாம், உப்புத்தண்ணி ஏறி மரமெல்லாம் செத்துப்போச்சு. அங்கிருந்து படகு, ரெண்டு பக்கமும் அலையாத்திக் காடு, அதைத் தாண்டிக் கடல். ஜாலி பாயில் கண்ணாடி வழியா பவளம் பார்த்தோம். சில இடத்தில் நிறம் இருக்கு, சில இடத்தில் வெறும் சாம்பல். படகுக்காரர் 2010-ல் கடல் சூடாகி வெளுத்துப்போனதைச் சொன்னார். மேல பார்க்க அவ்வளவு அழகான தண்ணிக்கு அடியில் அந்தச் சாம்பலைப் பார்த்ததில் மகள் ரொம்ப நேரம் பேசல. கரையில் கிடந்த ஒரு பவளத்துண்டை எடுத்து, பார்த்து, அதே இடத்தில் வச்சா. எடுத்துட்டு வந்தா குற்றம், விமான நிலையத்திலும் பார்ப்பாங்க, இதை யாருக்காவது சொல்லாம விட்டுடாதீங்க.

நோட்டில் இப்போ 117.


பாலக்கோடு_அக்கா | ஜனவரி 22, காலை 6.05

படிச்சுட்டு எங்க அம்மாகிட்டயும் படிச்சுக் காட்டினேன் தம்பி. ஹம்ஃப்ரிகஞ்சை நாங்களும் கடந்துதான் போயிருக்கோம், நிறுத்தல. மனசு கஷ்டமா இருக்கு. மறுபடியும் போனா நிறுத்துவேன்.


பாப்பாரப்பட்டி_வாத்தியார் | ஜனவரி 22, காலை 8.40

உங்கள் அப்பா சொன்ன நடுகல் ஒப்புமையை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். முப்பத்தோரு ஆண்டு பாடம் நடத்தியும் எனக்கு அது தோன்றவில்லை. தமிழ்நாட்டில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த பகுதி நம்முடையது. தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பேத்தியை ஒருநாள் கூட்டி வாருங்கள். வீரனுக்குப் பக்கத்திலேயே செதுக்கிய விலங்குகளை அவள் பறவை நோட்டில் வரையலாம். நான் உடன் வருகிறேன்.


அஞ்செட்டி_காட்டுவழி | ஜனவரி 22, மதியம் 1.15

நூறாவது மரங்கொத்தி! கண்ணு கலங்கிடுச்சு. பங்கர் கூட்டைப் பத்தி ஒரு வார்த்தை: அது வெண்வயிற்று உழவாரன் வகையா இருக்கலாம், அங்க கட்டடங்களுக்குள்ள கூடு கட்டும். பாப்பா வரைஞ்ச படம் இருந்தா அனுப்புங்க, வால் வடிவம் பார்த்துச் சொல்றேன். உறுதியாகாம நோட்டில் ஏத்த வேண்டாம்னு சொல்லுங்க, அவளுக்கு அது புரியும்.


ராயக்கோட்டை_மலை | ஜனவரி 22, இரவு 7.30

நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. நவம்பரில் நான் கொஞ்சம் வேகமாப் பேசிட்டேன். பேச்சு ஞாபகம் இருக்கா? ராயக்கோட்டை ஏறறேன்னு சொன்னீங்க.


மாந்தோப்பு_காவேரிப்பட்டணம் | ஜனவரி 22, இரவு 9.50

ஞாபகம் இருக்கு அண்ணா. வர்ற ஞாயிறு வர்றோம். அப்பா அடிவாரம் வரைக்கும் வருவார், மேல நானும் மகளும். எத்தனை மணிக்கு ஏறினா நல்லது? பறவை ஏதாவது இருக்குமா?


ராயக்கோட்டை_மலை | ஜனவரி 22, இரவு 10.05

ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருக்கேன். வெயில் ஏறறதுக்குள்ள இறங்கிடலாம். மேல குளத்தோரம் மீன்கொத்தி உக்காந்திருக்கும், பாறை இடுக்கில் ராஜாளி மாதிரி ஒண்ணு பார்த்திருக்கேன், பேர் தெரியாது, பாப்பா சொல்லட்டும். அப்பாவுக்கு எங்க வீட்டுத் திண்ணையில் நாற்காலி போட்டுடறேன், அங்கிருந்தே கோட்டை மதில் தெரியும். எஃகு பாட்டிலில் தண்ணி எடுத்துட்டு வாங்க, மேல கடை கிடையாது.